மேஜருக்குக் காது கேட்காது

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பென்ஷன் மனுவோடு வைக்க உங்கள் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம் வேண்டும் என்று மாமா வந்து காத்திருந்தார். மூடியைத் தூக்கியதும் பாச்சை உருண்டை வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. பழைய தோலும் வேப்பெண்ணெயும் கலந்த வாசனை. கம்பளிக்குள் கையை விட்டேன். ஒரு கழுத்துப்பட்டை விரலில் தட்டுப்பட்டது. ஆணியைக் காய்ச்சி நீங்களே போட்ட கடைசி ஓட்டை கோணலாக இருந்தது. பித்தளை வளையத்தில் இரண்டு வெள்ளை முடிகள் சிக்கியிருந்தன.

மாமா பார்ப்பதற்குள் அதைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். நம் நாய் மேஜரைச் சேத்தூரில் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டதாக எங்களிடம் சொன்னீர்கள். பட்டையும் சங்கிலியுமாகக் கொடுத்ததாகத்தான் சொன்னீர்கள். நான் கேட்காமலே சொன்னீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைவரை மேஜருக்குக் காது கேட்காது என்று தெரிந்தவர்கள் நம் வீட்டில் இரண்டே பேர். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. மிச்சம் நான்.

நான் எட்டாவது படித்த வருஷம் அது. கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருந்த வெந்நீர்த் தவலையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மடவார் வளாகத்தில் நம் வீடு தெருவின் கடைசி வீடு, பின்னால் வெறும் வயல். நீங்கள் ராஜபாளையத்தில் மில் வாசலில் காவலுக்கு நிற்கிறீர்கள், நம் வீட்டு வாசலில் யாரும் இல்லை என்று அம்மா சொல்லிக்காட்டினாள். அவள் கேட்டது மிகச் சின்ன விஷயம், குரைக்க ஒரு நாய்.

"யாராச்சும் உள்ள வந்தா கொலைக்கணும். அம்புட்டுத்தான். எதுத்த வீட்டுச் செவலை குட்டி போட்ருக்கு. அதுல ஒண்ணத் தூக்கிட்டு வாங்க."

நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறவன் தெருநாய் வளர்த்தால் மில்லில் சிரிப்பார்கள் என்றீர்கள். பால் வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, உடம்பில் ஒரு புள்ளி இருக்கக்கூடாது. அதுதான் நாய் என்றீர்கள். தெருவில் யார் மாடு வாங்கப் போனாலும் சைக்கிள் வாங்கப் போனாலும் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஹவில்தார் பார்த்தால் தப்பாது என்று ஒரு பெயர் உங்களுக்கு இருந்தது. அந்தப் பெயரை நீங்கள் சட்டையைப் போல இஸ்திரி போட்டு வைத்திருந்தீர்கள்.

நான் கிளை நூலகத்துக்குப் போய் நாய் வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். வீட்டுக்கு எப்படிப்பட்ட நாயைத் தேர்ந்தெடுப்பது என்று அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. தொடாமல் அரை மணி நேரம் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒளிகிற குட்டியும் வேண்டாம், மற்றவற்றைக் கடித்து விரட்டுகிற குட்டியும் வேண்டாம். தானாக உங்களிடம் வந்து, போய், மறுபடியும் வருகிற குட்டி குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. முழு வெள்ளையாக இருந்தால் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எல்லாவற்றையும் ரஃப் நோட்டில் எழுதி, நீங்கள் முகம் மழிக்கும்போது வாசித்துக் காட்டினேன். பாதி முகத்தில் நுரையோடு திரும்பினீர்கள்.

"ஏட்டி புஸ்தகம், இதையெல்லாம் அந்த நாயி படிச்சிருக்குமா?"

நானும் சிரித்தேன். அப்படிக் கேலி செய்வது எனக்குப் பிடிக்கும். அந்தக் கடைசி வரியை நான் வாசித்தபோது கேட்டீர்களா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டிருந்தீர்கள்.

மில்லுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பு வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போனீர்கள். அந்த வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர். "ரண்டி மிலிட்டரிகாரு" என்று உங்களை வரவேற்று எனக்கு மோர் கொடுத்தார். தாழ்வாரத்தில் ஐந்து குட்டிகள். நான் தொடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காதில் பிஸ்கட் நிறத்தில் ஒரு புள்ளி இருந்த குட்டி என்னிடம் வந்தது, ரிப்பன் நுனியை முகர்ந்தது, போனது, மறுபடியும் வந்தது. புத்தகத்தில் போட்டிருந்தது போலவே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அது சூட்டிகை. காதுல கறை விழுந்ததால யாரும் எடுக்கல. வீட்டுக்குன்னா அதக் கொண்டுபோங்க" என்றார் அந்த அம்மா.

கறை விழுந்ததைக் கூட்டிக்கொண்டு எப்படித் தெருவுக்குள் நுழைவது என்று கேட்டீர்கள். பிறகு ஒரு பித்தளைத் தாம்பாளம் கேட்டு வாங்கினீர்கள். மில்லில் யாரோ சொல்லிக்கொடுத்த சோதனை அது. சத்தத்துக்குப் பயப்படாத குட்டிதான் காவலுக்கு ஆகும் என்று. இடுப்பு உயரத்திலிருந்து தாம்பாளத்தைக் கல் தரையில் போட்டீர்கள். என் பல் கூசியது. நான்கு குட்டிகள் சிதறி ஓடின. பிஸ்கட் காதுக் குட்டி தூணுக்குப் பின்னால் போய், உடனே எட்டிப் பார்த்து, தாம்பாளத்தை முகர்ந்துபார்க்கத் திரும்பி வந்தது. ஒன்று மட்டும் சாக்கின் மேல் படுத்தபடியே இருந்தது. பால் வெள்ளை. தூக்கத்தில் அதன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காது மடல்கூட ஆடவில்லை.

"பாத்தியாட்டி? குண்டு விழுந்தாலும் அசைய மாட்டான்" என்றீர்கள்.

"அது கொஞ்சம் தூங்குமூஞ்சிங்க. கூப்பிட்டா மெதுவாத்தான் வரும்" என்றார் அந்த அம்மா.

"நிதானம்மா அது, நிதானம்."

அவர் என்னைப் பார்த்தார். என் மடியில் விரித்திருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, அப்பா. கை தட்டிப் பாருங்கள் என்ற வரியின் மேல்தான் என் விரல் இருந்தது. நீங்கள் குட்டியைத் தூக்கி முகத்தருகே வைத்துக்கொண்டீர்கள், அது உங்கள் மீசையை நக்கியது. ராணுவத்திலிருந்து வந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் குட்டி துணிப்பைக்குள் என் மடியில் இருந்தது. டிரைவர் அடித்த ஹாரனில் முன் சீட்டுக் கைக்குழந்தை அலறி எழுந்தது. குட்டி ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்குப் பின்னால் மெல்லத் தட்டினேன், பிறகு பலமாகத் தட்டினேன். அதற்குக் காது கேட்காதோ என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் வெளியே பார்த்தபடி, பயமில்லாத நாய் எல்லாவற்றுக்கும் திரும்பாது என்றீர்கள்.

மேஜர் என்று பெயர் வைத்தீர்கள். "இவிய பதினேழு வருசம் இருந்து ஹவில்தாராத்தான் வந்தாவ. இது வந்த அன்னிக்கே மேஜராயிருச்சி" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். மில்லிலிருந்து உங்கள் கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள். தாம்பாளக் கதையை ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். கூப்பிட்டால் ஏன் திரும்ப மாட்டேன் என்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, ஆபீசர் கூப்பிட்டவுடன் வருவாரா என்று திருப்பிக் கேட்டீர்கள். எல்லாரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

ஒரு மாலை பள்ளிவிட்டு வந்தபோது நீங்கள் கொல்லைப்புறத்தில் மேஜருக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். கையில் மில் விசில். அது தேங்காய் மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஊதினீர்கள். கொஞ்சம் கிட்டே போய் ஊதினீர்கள். மூன்றாவது தடவை ஊதியதில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. மேஜர் மட்டையைப் புரட்டிப் போட்டு அடுத்த பக்கத்தைக் கடித்தது. நீங்கள் திரும்பியபோது கிணற்றடியில் நான் நின்றேன்.

"அம்மாட்ட சொல்லாத" என்றீர்கள். பிறகு, "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உங்களிடம் எப்போதும் சொன்னதில்லை. வீட்டில் நான் புஸ்தகம், தங்கை சின்னவள்தான் உங்கள் செல்லம். முதல் முறையாக நீங்களும் நானும் ஒரு பக்கம். மறுநாளே நூலகத்துக்கு ஓடி அந்தப் புத்தகத்தில் காது கேட்காத நாய்கள் பற்றிய அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். காது கேட்காத நாய்க்குத் தரையின் அதிர்வு தெரியும் என்று இருந்தது. நீங்கள் பரேடில் போல சிமெண்டுத் தரையில் காலை ஓங்கி வைத்தீர்கள், மேஜர் சட்டென்று திரும்பியது. கையைத் தூக்கினால் உட்கார், நீட்டினால் நில், மார்பில் தட்டினால் வா. ஒரு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டது. அவ்வளவு புத்திசாலி நாய் அது. வெளியாட்கள் முன்னால் "மேஜர்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே காலையும் தட்டுவீர்கள். மிலிட்டரி டிரில் என்று தெரு வியந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவீர்கள். அப்பா, அந்த மாதங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் எனக்கு இப்போது மிகவும் கசக்கிறது.

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருந்தது. காது கேட்காத நாய் தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, பயந்து கடித்துவிடும், வீட்டுக் குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் உங்களிடம் வாசித்தேன். சின்னவளிடமாவது சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன்.

"அவட்ட சொன்னா ஊருக்கே டமாரம் அடிச்சிருவா. நா பாத்துக்கிடுதேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? நீங்கள் மில்லில் அல்லவா இருந்தீர்கள்? அதை அன்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. முருங்கைக்காய் இரண்டு முறை களவு போனது, மேஜர் முன்வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. கொலைக்கத்தானே நாய் கேட்டேன் என்று அம்மா முணுமுணுத்தாள். அவ்வளவுதான்.

அந்த மே மாத மத்தியானம் நான் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு அப்போது நாலு வயது. மேஜர் கூடத்துத் தரையில் படுத்திருந்தது. பொம்மையைத் தூங்க வைத்த பிறகு மேஜரையும் தூங்க வைக்கலாம் என்று அவள் பின்பக்கமாகப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒரே ஒரு கடி. நான் ஓடி வந்தபோது அவள் கன்னத்திலிருந்து ரத்தம் சட்டைவரை வந்திருந்தது. மேஜர் சுவர் மூலையில் ஒடுங்கி நின்று, வாலைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, என் கைகளையே பார்த்தது. என்ன செய்ய வேண்டும் என்று நான் சைகை காட்டுவேன் என்று அது காத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் டூட்டி உடையிலேயே வந்து சேர்ந்தீர்கள். தையல் போட்டு முடித்த டாக்டர், நாய் சும்மா கடித்ததா, யாராவது சீண்டினார்களா என்று கேட்டார். அம்மா உங்களைப் பார்த்தாள். நானும் உங்களைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும். அதற்குக் காது கேட்காது, தூக்கத்தில் பயந்துவிட்டது. அவ்வளவுதான்.

"தெரியல சார். திடீர்னு பாஞ்சிருச்சி" என்றீர்கள்.

பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முகத்தில் கடி என்பதால் ஊசியை உடனே தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் நாயை அடித்துவிடாதீர்கள், கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், அது நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்திவிடலாம் என்றார். மேஜரைக் கொய்யாமரத்தில் கட்டினீர்கள். தெரு திரண்டு வந்து வெறிநாய் என்றது. அது வீட்டில் இருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள் அம்மா. அப்போதும் நேரம் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா பத்து நாள் பொறுத்திருப்பாள். ஆனால் அடுத்த கேள்வியாக, இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டிருப்பாள். அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் பயந்தீர்கள்.

மூன்றாம் நாள் காலை மேஜரைச் சங்கிலியில் பிடித்து சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு போனீர்கள். சேத்தூர் என்றீர்கள். சேத்தூருக்கு ராஜபாளையம் தாண்டிப் போக வேண்டும். நீங்கள் மேற்கே செண்பகத்தோப்பு ரோட்டில் திரும்பியதை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டீர்கள். அந்த ரோடு போய் முடிகிற காட்டு ஓரத்தில் சிறுத்தை வந்தால் மேஜரால் மோப்பம் பிடிக்கலாம், கேட்க முடியாது. உங்களுக்கு அது தெரியும். எந்தத் தோட்டம், நான் போய்ப் பார்க்கலாமா என்று மூன்று முறை கேட்டேன். அடுத்த வாரம் என்றீர்கள். நாலாவது முறை நான் கேட்கவில்லை.

பட்டையை ஏன் கழற்றினீர்கள்? யாராவது பிடித்தால் நம் வீட்டு நாய் என்று தெரிந்துவிடும் என்றா? முள்ளில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றா? இரண்டையும் என்னால் நம்ப முடிகிறது. அதுதான் உங்களோடு எனக்குள்ள கஷ்டம்.

நாய் இல்லை, அதனால் ஊசியை நிறுத்த முடியவில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினமும் ஒன்று. அம்மா கைகளைப் பிடித்துக்கொள்வாள், நான் கால்களைப் பிடித்துக்கொள்வேன். உங்களுக்கு ஒரு நாளும் லீவு கிடைக்கவில்லை. பத்தாவது நாளுக்குப் பிறகு போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் நான் உங்களை வெறுத்தேன். மேஜர் ஏன் என்னைக் கடித்தான், நான் என்ன செய்தேன் என்று சின்னவள் உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்டாள். சில நாய்கள் அப்படித்தான் என்று சொல்லி அவள் தலையைத் தடவினீர்கள். இன்றைக்கும் அவள் தெருவில் எந்த நாயைக் கண்டாலும் என் பின்னால் ஒளிகிறாள். நாய்களுக்கே தன்னைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு இரண்டு வருஷம் நாம் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டோம். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். புஸ்தகம் என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினீர்கள் என்று எனக்கு நினைவில்லை. மில் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னபோது, உங்களிடம் கேட்க வைத்திருந்த எல்லாவற்றையும் கையில் பிடித்தபடி நின்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள், ஹவில்தார் பார்த்து எடுத்தது ஒன்றும் சோடை போனதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்த பிறகு மாமா காபி குடித்துக்கொண்டே, ஆண் இல்லாத வீடு, ராஜபாளையத்தில் ஒரு குட்டிக்குச் சொல்லிவைக்கிறேன் என்றார். சின்னவள் எழுந்து உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வேண்டாம்ணே. அந்த வெறிநாயி போதும். அவியளும் பாவம், தெரியாம எடுத்துட்டு வந்துட்டாவ" என்றாள் அம்மா.

பாவம் என்ற வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தாம்பாளம், பஸ், விசில், ஆஸ்பத்திரி, செண்பகத்தோப்பு ரோடு. பட்டையை எடுத்துத் தரையில் வைத்தேன். செத்துப் போனவரைப் பற்றி இப்போது பேசி என்ன ஆகப்போகிறது என்று மாமா அதட்டினார். அம்மா உங்கள் போட்டோவைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பஸ்ஸுலயே தெரியும்மா."

"ஊசி போடயில சின்னவ கால நீதான ஏட்டி பிடிச்ச?"

உங்களிடம் கேட்டிருக்க வேண்டியதை என்னிடம் கேட்டாள், என்னிடம் கேட்க வேண்டியதையும் சேர்த்து. நான்கு நாளாகச் சோறு போடுகிறாள், தலை பின்னிவிடுகிறாள். பேசவில்லை.

இன்று காலை சின்னவளிடம் நானே சொன்னேன். மேஜருக்குக் காது கேட்காது, நீ வந்தது அதற்குத் தெரியாது, பயத்தில் கடித்துவிட்டது, உன்னைப் பிடிக்காமல் இல்லை. அவள் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு உங்கள் மடியும் உங்கள் மீசையும்தான் நினைவிருக்கின்றன, அப்பா. ஆறு வயதுதான் ஆகிறது.

"தெரியாது" என்றேன்.

அடுப்படியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவள் வெளியே வந்து என் பொய்யை உடைக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் வடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.